வெளிர் பொன் நிறம்: பரப்புக்கு மட்டும்

திரை வடிவமைப்பில் வெளிர் பொன்னைப் பரப்பாக விரித்தால் அழகு. அதையே எழுத்துக்கோ கோட்டுக்கோ பயன்படுத்தினால் தொல்லைதான்.

இணையப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ‘பேல்கோல்டன்ராட்’ என்று ஒரு பெயர் தயாராகவே இருக்கிறது. ஆர்ஜிபி மதிப்பு (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 238, 232, 170. அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஹியூ (நிறச் சக்கரத்தில் அந்த நிறம் இருக்கும் கோணம்) ஏறக்குறைய 55 டிகிரி என்பதால் லேசாகப் பச்சை தட்டும். கதகதப்பு வேண்டுமென்றால் ஹியூவை 40–45க்கு இறக்க வேண்டும். 240, 221, 170 நல்ல தொடக்கம்.

இதற்கும் வெள்ளைக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாட்டின் விகிதம்) 1.3:1தான். வெள்ளைப் பக்கத்தில் பொன்னிற ஐகான் காணாமல் போவது இதனால்தான். எண்களை உற்றுப் பாருங்கள்: வெள்ளையைவிடச் சிவப்பில் 15, பச்சையில் 34, நீலத்தில் 85 குறைவு. ஆக, பொன்னாகத் தெரிவதே பெரும்பாலும் நீலம் குறைவதால்தான். இரவில் திரையின் நைட் லைட் வசதியைப் போட்டதும் வெள்ளையிலும் நீலம் குறையும், வித்தியாசம் மங்கிவிடும். நீலம்-மஞ்சள் பிரித்தறிய முடியாதவர்களுக்குப் பகலிலும் இதே கதிதான். அதனால் தேர்ந்தெடுத்த வரிசையைப் பொன்னிறப் பின்னணியால் மட்டும் காட்டக் கூடாது. கூடவே ஒரு டிக் குறியோ, இடது ஓரத்தில் 3 பிக்சல் பட்டையோ வேண்டும்.

அந்தப் பட்டைக்கு 150, 112, 36 சரியாக வரும். வெள்ளையோடு 4.5:1, பொன்னோடு 3.4:1. பொத்தான், கட்டம் போன்றவற்றுக்கு டபிள்யூசிஏஜி (எல்லோரும் பயன்படுத்தத்தக்க இணையத்துக்கான வழிகாட்டு விதிகள்) கேட்கும் 3:1ஐ இரு பக்கமும் தாண்டிவிடுகிறது. பொன் பரப்பின் மேல் எழுத்துக்குச் சுத்தக் கறுப்பைவிட அடர்பழுப்பு (74, 54, 16) இதமாக இருக்கும், 8.6:1 கிடைக்கிறது.

அடர்ந்த சாயல்கள் வேண்டுமென்று கறுப்பைக் கலந்துகொண்டே போனால் ஆலிவ் பச்சைதான் மிஞ்சும். ஒவ்வொரு படிக்கும் ஹியூவை ஆரஞ்சுப் பக்கம் இரண்டு மூன்று டிகிரி நகர்த்துங்கள்.

பலர் கவனிக்காதது பொன்னுக்கு அருகில் இருக்கும் சாம்பல் நிறம். நீலம் கலந்த சாம்பலுக்கு அருகே இந்தப் பொன் பழைய காகிதம்போல் அழுக்காகத் தெரியும். குறையைப் பொன்னில் தேடாமல் சாம்பலைத் திருத்துங்கள்: ஹியூ 40, சாச்சுரேஷன் (நிறச் செறிவு) 5 முதல் 8 சதவீதம். எச்சரிக்கைப் பெட்டியும் மஞ்சளாக இருந்தால் குழப்பம் வரும். அதை ஆரஞ்சுக்கு மாற்றி ஐகான் சேர்த்துவிடலாம்.

டார்க் மோடில் மட்டும் எல்லாம் தலைகீழ். 24, 22, 18 பின்னணியில் பொன் எழுத்து 13:1க்கு மேல் கிடைக்கும், தலைப்புக்கும் ஐகானுக்கும் அருமையாக இருக்கும். அங்கே முழு அகலப் பட்டையாகப் பொன்னை விரித்தால் கண் கூசும். சின்னப் பொத்தானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.