உங்க கார்டா இருந்தா?

விளையாட்டு வீரர்கள் படம் போட்ட கார்டுகளை வாங்கி விற்கும் கடையில், கவுண்ட்டரில் எனக்கு வேலை. விற்க வந்த ஒருவர் கேட்ட அந்தக் கேள்விக்கு "விக்க மாட்டேன்" என்று பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை. உறுத்துவதும் அதுதான்.

2021 பிப்ரவரிக் கடைசி. அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டக்காரன் ஸையன் வில்லியம்சன், நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முதல்முறையாகத் தேர்வான வாரம். வந்தவர் லாரி ஓட்டுபவர். மகளோடு உட்கார்ந்து பாக்கெட் பிரிக்கலாம் என்றே கார்டு வாங்க ஆரம்பித்தவர். கவுண்ட்டரில் நான்கு ஸ்லாபை, அதாவது தரம் பார்த்து பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடிய கார்டுகளை, வரிசையாக வைத்தார். நான்குமே ஸையனின் ரூக்கி பிரிஸம் (முதல் சீசனில் வந்த பிரிஸம் வகை கார்டு), நான்கும் பி.எஸ்.ஏ. 10, அதாவது கார்டுக்குத் தரம் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் உச்ச மதிப்பெண். ஒன்றில் விரல்ரேகை படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்து, முகம் என் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.

கடை கொடுப்பது, ஈபேயில் கடைசியாகப் போன விலையில் நூற்றுக்கு எழுபது. அதைச் சொன்னேன். நீங்களே ஈபேயில் போட்டால் கமிஷன் போகவும் இதைவிடக் கூடவே நிற்கும் என்பதையும் சொன்னேன். ஓனர் காதில் விழுந்திருந்தால் முறைத்திருப்பார். அதுவரை என் பக்கம் தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அப்புறம்தான் கேட்டார், "உங்க கார்டா இருந்தா வித்துருவீங்களா?"

விக்க மாட்டேன், நீங்களும் பிளேஆஃப் (சீசன் கடைசியில் சாம்பியனை முடிவுசெய்யும் சுற்று) வரை பொறுங்கள் என்றேன். வயது இருபது, ஆட்டத்துக்கு இருபத்தைந்து புள்ளி அடிக்கிறான், இப்போதா விற்பார்கள் என்று காரணம் வேறு அடுக்கினேன்.

எந்தக் கார்டில் எத்தனைக்கு எந்தத் தரம் கிடைத்தது என்று பி.எஸ்.ஏ. வெளியிடும் கணக்கான பாப் ரிப்போர்ட்டை அன்று காலைதான் பார்த்திருந்தேன். அந்த கார்டுக்கு 10 வாங்கியவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஊரடங்கில் வீட்டில் கிடந்ததையெல்லாம் ஜனங்கள் கிரேடிங்குக்கு, அதாவது தரம் போட, அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் பி.எஸ்.ஏ.வே சமாளிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. அங்கே மலையாகக் குவிந்தவை என்றைக்காவது ஸ்லாபாகத் திரும்பும், விலையை அமுக்கும். இது தெரியாமல் இந்தக் கவுண்ட்டரில் நிற்க முடியாது. எனக்கும் தெரியும். ஆனால் என்னிடமும் அதே கார்டு இரண்டு இருந்தது. அவரை விற்கச் சொன்னால் அன்று ராத்திரியே நானும் விற்றாக வேண்டும். என் ஆசைக்கு அவரைத் துணைக்குக் கூப்பிட்டேனோ என்னவோ.

ஸையனின் அணியான பெலிகன்ஸ் அந்த ஆண்டு பிளேஆஃப் போகவில்லை. 2021-22 சீசன் முழுக்க, பாத எலும்பு முறிந்து ஸையன் ஆடவே இல்லை. காயத்தை யார் கண்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். கண்டிருக்கலாம். முதல் சீசனிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஜனவரியில்தான் களமிறங்கியவன் அவன்.

இதோடு முடிந்திருந்தால், ஆசையில் உளறிவிட்டேன், இனி ஏறும்போதே விற்கச் சொல்வோம் என்று ஒரு பாடமாவது மிஞ்சியிருக்கும். அன்று அவருடைய டப்பாவின் அடியில் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற இன்னொரு ஆட்டக்காரனின் ரூக்கியும் மூன்று கிடந்தது, அவன் முதலில் ஆடிய கிளிப்பர்ஸ் அணியின் சட்டையில், கிரேடிங் செய்யாதது. "இவனை ஓக்லஹோமாவுக்கு அனுப்பிட்டாங்க. தோக்குற டீம். தள்ளிவிடுங்க" என்றேன். மூன்றையும் கடைக்கு எடுத்துக்கொண்டோம், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு. 2025-ல் ஷே எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரன்), அவனுடைய ஓக்லஹோமா அணியான தண்டர் சாம்பியன். (கடைக்கும் பெரிய லாபமில்லை. அதே வாரம் ஓனர் நாலு டாலர் கூட வைத்து யாருக்கோ தள்ளிவிட்டார்.)

நான் சொன்னதை அப்படியே தலைகீழாகச் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

விற்றது அவர், முடிவும் அவருடையது என்று ஓனர் சொல்வார். சரிதான். ஆனால் முடிவை எடுக்க என் முகத்தைத்தானே பார்த்தார்?

போன மாதம் வந்தார். சண்டை போட வரவில்லை, மகளுக்கு, கார்டு போட்டுவைக்கும் ஸ்லீவ் வாங்க வந்தார். அவள் பிரித்த பாக்கெட்டில், இன்னொரு கூடைப்பந்து நட்சத்திரமான வெம்பன்யாமாவின் ரூக்கி வந்ததாம். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஓரம், மூலை எல்லாம் சுத்தம். ஈபேயில் கடைசியாகப் போன விலைகளை எடுத்து நீட்டினேன்.

"இது என் போன்லயும் தெரியுது. உங்க கார்டா இருந்தா?"

"என்கிட்ட வெம்பன்யாமா இல்லை" என்றேன். நான் ஏதோ ஜோக் அடித்ததாக நினைத்துச் சிரித்துவிட்டு, ஸ்லீவுக்குக் காசை எடுத்து வைத்தார்.