மருந்தளவை மாற்றும் முன் துணியைப் பாருங்கள்

குழல்வாய் வழியாகக் கருமருந்து என்ற பழைய வகை வெடிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் ரைஃபிளில் குண்டுகள் சிதறி விழுந்தால், பலரும் முதலில் கைவைப்பது மருந்தளவில்தான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. குண்டைச் சுற்றிவைத்துக் குழலில் இறக்கிய துணி, சுட்டபின் துப்பாக்கிக்கு முன்னால் ஐந்து பத்து மீட்டரில் தரையில் கிடக்கும். எல்லோரும் சுட்டு முடித்தபின் அதைப் பொறுக்கி எடுங்கள். சில சமயம் கனன்றுகொண்டே விழும் என்பதால், காய்ந்த புல் இருந்தால் எல்லோரையும் நிறுத்தச் சொல்லி உடனே அணைத்துவிட வேண்டும்.

நல்ல துணி ஏறக்குறைய முழுசாக இருக்கும். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம், அதைச் சுற்றிச் சீரான இடைவெளியில் புரிகளின் (குழலின் உட்புறச் சுருள் வரிகளின்) தடம், ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. பிசிறைப் பற்றிக் கவலை வேண்டாம். நடுப்பகுதி கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு துணியைத் தாண்டிப் போயிருக்கிறது: துணி மெல்லிசு, அல்லது மசகு போதவில்லை, அல்லது குண்டு சிறிசு. வட்டத்தின் விளிம்பில் கத்தி போட்டதுபோல் வெட்டு இருந்தால் புரியின் விளிம்போ குழல்வாயின் விளிம்போ கூர்மையாக இருக்கிறது. புதுக் குழல்களில் இது சகஜம். சுடாத ஒரு குண்டைத் துணியோடு வாயில் ஒரு விரற்கடை இறக்கி வெளியே இழுத்துப் பாருங்கள். அப்போதே துணி வெட்டுப்பட்டிருந்தால் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, குழல்வாயின் விளிம்பைத்தான் மழுக்க வேண்டும்.

துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்கட்டும். புதுத் துணியைத் துவைத்துக் கஞ்சி போக்கியபிறகே வெட்டுங்கள். செயற்கை இழை கலந்தது வேண்டாம், உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். .50 குழலுக்கு (உள்விட்டம் அரை அங்குலம்) 0.490 அங்குலக் குண்டும் 0.015 அங்குலத் துணியும் வழக்கமான தொடக்கம். துணி அடிக்கடி கருகினால் 0.018-க்குப் போகலாம். மசகுக்கு மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது நன்றாக வேலை செய்யும். பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரிக் கெட்டியான கசடாகிவிடும்.

குண்டு சுத்தமான, மெத்தென்ற ஈயமாக இருக்க வேண்டும். 0.490 அங்குல உருண்டை சுமார் 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம் வரும். வார்த்த குண்டுகளைத் தராசில் போட்டு, எடை குறைந்தவற்றை ஒதுக்குங்கள். உள்ளே காற்றுக்குமிழி இருக்கும். வார்ப்புக் காம்பு (அச்சில் ஈயம் ஊற்றிய வாயில் நிற்கும் துண்டு) வெட்டிய தட்டைப் பகுதி மேலே பார்த்து, நடுவில் இருக்கும்படி ஒவ்வொரு முறையும் வையுங்கள்.

இவ்வளவும் சரியானபிறகுதான் மருந்து. புரியின் சுற்று என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் உருண்டைக் குண்டுக்கானது. 28 அங்குலச் சுற்று நீளக் குண்டுக்கானது, அதில் உருண்டையை நிறைய மருந்தோடு தள்ளினால் சரிப்படாது. 48 இரண்டுக்கும் நடுவே. .50 குழலில் உருண்டைக்கு 50 கிரெயினில் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டு, 25 மீட்டரில் சரியானதும் 50 மீட்டரில். துப்பாக்கி செய்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டவே கூடாது. இரண்டு எஃப் மருந்திலிருந்து அதைவிடப் பொடியான மூன்று எஃப்புக்கு மாறினால் அது வேகமாக எரியும். பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்றுமருந்து என்றால் எடையால் அல்ல, கன அளவால் அளக்க வேண்டும். இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்தைக் கருமருந்துக் குழலில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது, குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும்.

மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவது பெரிய தப்பு. உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் குடுவை முழுவதும் கையிலேயே வெடிக்கும். அளவைக் குப்பியில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். குப்பியை ஒரே மாதிரி நிரப்பி, ஒரே மாதிரி தட்டி, வழித்துவிடுங்கள்.

பலர் அக்கறை காட்டாத இடம், மருந்து எரிந்து குழலில் படியும் கசடு. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு லேசாக ஈரமாக்கிய துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று விட்டுக் குழலைத் துடையுங்கள். ஈரம் சொட்டினால் அது அடியில் இறங்கி அடுத்த மருந்தை நனைத்துவிடும். துடைக்காமல் சுட்டால் மூன்றாவது நான்காவது குண்டு இறங்கவே மறுக்கும், இலக்கில் விழும் துளைகளும் சிதறிப்போகும். காற்று வறண்டிருக்கும் நாளில் கசடு கல்லாகிவிடும், அன்றைக்கு இன்னும் கவனம் தேவை.

குண்டை இறக்கும்போது கெட்டிக்கும் கம்பியைக் குழல்வாய்க்கு அருகில் பிடித்து, ஒரு சாண் ஒரு சாணாகத் தள்ளுங்கள். நீளமாகப் பிடித்தால் மரக்கம்பி முறிந்து உள்ளங்கையில் ஏறும். குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்ததும், கம்பியில் குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அடுத்தடுத்த குண்டுகளில் கோடு வாய்க்கு மேலே நின்றால் சுடாதீர்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் வீங்கிவிடலாம், அதன்பிறகு எந்த அளவு மருந்தும் அந்தக் குழலைச் சரிசெய்யாது. மருந்தளவை மாற்றினால் பழைய கோட்டை அழித்துப் புதிதாகப் போடுங்கள்.