டயக்னோசிஸ் காட் ஒன்றை ஒளித்து வைத்தேன்

"வீட்டில வேற ஆருக்கும் மனவருத்தம் இருந்ததா?" என்று டொக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. நான் இரண்டு தரம் "இல்லை" என்றேன். அந்த இரண்டு "இல்லை"க்கும் இடையில் மகளின் நிறை 34 கிலோவுக்கு இறங்கியது.

மூத்தவளுக்கு வயது பதினைந்து. சாதாரண தரப் பரீட்சைப் பயத்தில் சாப்பிடவில்லை என்றுதான் நினைத்தோம். அது சாப்பிடவே பயப்பட வைக்கிற, உணவு தொடர்பான கோளாறு என்ற மனவருத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) பூச்சிக் குளிசையும் விற்றமினும் தந்தார்கள். அடுத்த முறை கேஸ்ட்ரிக் என்றார்கள். பிறகு சனல் பண்ணி, அதாவது பிரைவேட்டாக் காசு கட்டி டொக்டரிடம் நம்பர் எடுத்து, ஒரு சனிக்கிழமை உப்புவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்குப் போய் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தோம். கொழும்பில் இருந்து வரவேண்டிய டொக்டர் வரவேயில்லை. சனல் காசு திரும்பி வந்தது, ஓட்டோக் காசு போனது போனதுதான்.

மனநலக் கிளினிக்குக்கு முதல் நாள் போனது இன்னும் எரியுது. நம்பர் குடுக்கிற இடத்தில் இருந்த தம்பி, வரிசை முழுக்கக் கேட்க, "தாய்க்கா மகளுக்கா மண்டைப் பிரச்சினை?" என்றார். பிள்ளை விறுவிறென்று வெளியே போய்விட்டாள். அன்று அப்படியே வீட்டுக்கு. உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் "கடிதத்தில இருக்கு" என்று மட்டும் சொல்லி, கிளினிக்குக்கு எழுதித் தந்த கடிதத்தை நீட்டுங்கோ. அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவையில்லை.

திரும்பிப் போனபோது அடுத்த சிக்கல் மொழி. டொக்டருக்குத் தமிழ் மட்டுமட்டு. மகள் சொன்னது, "பசிக்குது, சாப்பிடத்தான் பயமாயிருக்கு." மொழிபெயர்த்த மிஸ் (நேர்ஸ்) அதைப் பசியில்லை என்று சொல்லிவிட்டா. இந்த வருத்தத்தில் அந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நான் குறுக்கே விழுந்து திருத்தின பிறகுதான் அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மாதவிடாய் நின்று நாலு மாதம் என்பதை அப்போதுதான் கேட்டார். நாடி பார்த்தார்: நிமிசத்துக்கு 48தான், நல்லாக் குறைவு. அன்றே வார்ட்.

வார்டில்தான் மூன்றாவது தரம் அதே கேள்வி. நான் வாயைத் திறக்க முதல் மகள் சொன்னாள்: "அம்மாவும் குளிசை போடுறவ. லித்தியம்."

2016 இல் எனக்கு இருதுருவ நோய் (மனநிலை ஒருகாலம் அளவுக்கு மீறி ஏறி, ஒருகாலம் அடியோடு இறங்குகிற வருத்தம்; லித்தியம் அதற்குத்தான்) என்று எழுதித் தந்த டயக்னோசிஸ் காட் அலுமாரியில் கூறைச் சீலைக்கு அடியில் கிடந்தது. மாமிக்குத் தெரிந்தால் பெட்டைக்குக் கலியாணம் பேசேலாது என்று நான் ஒளித்து வைத்தது. அவள் பத்து வயதிலேயே அதை வாசித்துவிட்டாளாம்.

டொக்டர் கோபிக்கவில்லை. பெற்றோருக்கு மனச்சோர்வோ பதகளிப்போ இருதுருவ நோயோ இருந்தால் பெண்பிள்ளைகளுக்கு உணவு தொடர்பான கோளாறு வரும் சாத்தியம் கூடுகிறது என்று, ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2015 இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறதாம். ஆனால் அப்படியான பெற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இந்த வருத்தம் வருவதில்லை என்றும் அழுத்திச் சொன்னார். பரம்பரையில் கொஞ்சம், வீட்டுச் சூழலில் கொஞ்சம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லேலாதாம். எனக்கு நினைவு வந்ததெல்லாம், நான் எழும்பாமல் படுத்திருந்த மாதங்களில் அடுப்பு எரியாத எங்கள் குசினி. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நான் தண்ணியோடு இருந்ததைச் சனம் மெச்சினபோது, பக்கத்தில் நின்று கேட்டவளும் அவள்தான். அடுத்த வருசம் அவளும் பிடித்தாள். ஏழாம் நாள் நிறுத்தவில்லை.

ஒரு எச்சரிக்கை. வார்டுக்கு மாமி கட்டிக்கொண்டு வந்த பாற்சோற்றை மிஸ் திருப்பி அனுப்பினா. எங்களுக்கு ஆத்திரம்தான். ஆனால் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் குடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு இறங்கி இருதயத்தையே தாக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக, இரத்தம் சோதித்துச் சோதித்துத்தான் கூட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தட்டில் என்ன, எவ்வளவு என்பது எங்கள் பொறுப்பு, அவளுடையது இல்லை. சாப்பிட்டு முடியும்வரை நானோ அவளின் அப்பாவோ பக்கத்தில் இருக்க வேணும். ஒரு குழல் பிட்டுக்கும் பாரை மீன் துண்டுக்கும் முதல் கிழமை ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது, அழுகையோடு. இப்போது நாற்பது நிமிசம். இடையில் எனக்கே தலை சுற்றின ஒரு இரவு 1926 க்கு அடித்தேன். அது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

இப்போது 38.5 கிலோ. கிளினிக்கில் மட்டும்தான் நிறுக்கிறது. வீட்டுத் தராசை மாமியிடம் குடுத்துவிட்டேன். அவ அதில் தேங்காய் நிறுத்து விக்கிறா.