அம்மியை எங்கே வைப்பது?

சமையல் செய்யும் குசினியை இடித்துக் கட்டலாம் என்று பேச்சை ஆரம்பித்தவன் தம்பி. எனக்கும் சரி என்றுதான் பட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது வரிசை வீடு, 20 அடிக்கு 65 அடி. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியே வந்தபோது அப்பா வாங்கியது. அன்றைக்குப் போட்ட சிமெண்டு மேடை, அதன் மேல் பழுப்பேறிய வெள்ளை ஓடு, கீழே கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலை. சிங்க்குக்கு அடியில் பலகை உப்பி, தொட்டாலே மாவாக உதிரும்.

அம்மாவிடம் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அம்மிய எங்க வைப்பீங்க?”

மிக்சி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. இருந்தாலும் சம்பலுக்கு மிளகாயும் மீன் குழம்புக்கு மசாலாவும் அம்மியில்தான் அரைபடும். முழங்கால் வலி வந்த பிறகு தரையில் உட்கார முடியாமல், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குனிந்து அரைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே எனக்கு இடுப்பு வலிக்கும்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். கேபினெட் விலையை இங்கே அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். மேல் பெட்டி அடி இவ்வளவு, கீழ்ப் பெட்டி அடி இவ்வளவு. காதில் விழும்போது மலிவாகத்தான் இருக்கும். கீல், இழுப்பறைத் தண்டவாளம், மூலைப் பெட்டி, மேலே போடும் கல், சிங்க்குக்குத் துளை வெட்டும் கூலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிய பிறகு, மலிவாகச் சொன்னவருடையதுதான் மூன்றிலும் அதிகமாக நின்றது. நடுவில் இருந்தவரைப் பிடித்தோம். நம்ம தமிழ்ப் பிள்ளைதான். வந்ததும் அம்மாவை “அம்மா” என்று கூப்பிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, விலைப்பட்டியல் புத்தகத்தை விரித்தார்.

அதில் கதவுக்கு ரப்பர் மரம் என்று ஒரு பக்கம் இருந்தது. வெளிர் மஞ்சள் நிறம், துண்டு துண்டாகப் பல் கோத்து ஒட்டிய பலகை. அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “இது நம்ம பால்மரமில்ல?” என்றார். ஆமாம் என்றதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பால் எடுக்கப் பால்மரப் பட்டை வெட்டியவர் அவர். மறுநடவுக்குச் சாய்த்த கிழட்டு மரங்களின் கிளையைத் தலையில் சுமந்து வந்து லயத்துக் குசினியில் அடுப்பெரித்தவர். “அடுப்புல வச்ச கட்டைக்கு அடி கணக்குல காசா?” கேபினெட்காரரும் சிரித்துவிட்டார். பச்சையாக விட்டால் அந்த மரத்தில் பூச்சி துளைத்துவிடும், நீலம் பாய்ந்துவிடும். அறுத்த கையோடு போரான் மருந்தில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்துவதால்தான் மேசை நாற்காலிக்கு ஆகிறது என்று அவர்தான் விளக்கினார். உள் குசினிக் கதவுக்கு அதையே எடுத்தோம். அம்மாவின் சிரிப்புக்காகவே எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் வழக்கப்படி குசினி இரண்டு. உள்ளே ஒரு டிரை கிச்சன்: காப்பி, ரொட்டி, ஃபிரிட்ஜ். பின்பக்கம் ஒரு வெட் கிச்சன்: தாளிப்பு, கருவாடு, பெலாச்சான் என்கிற இறால் விழுது வறுவல். லயத்திலும் இப்படித்தானே, அடுப்பு பின்னால் தனியாக இருந்தது. வெட் கிச்சனுக்குக் கூரையை நீட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஊராட்சியின் அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் இருக்கிறது. கூரைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் வரைபடம் போடுகிறவரிடம் கொடுத்து முறையாகப் போனோம். நாள் பிடித்தது, கொஞ்சம் பணமும் பிடித்தது. அவ்வளவுதான்.

அந்த வரைபடம்தான் எங்களைக் காப்பாற்றியது. மாமா வந்து அக்னி மூலையில்தான் அடுப்பு இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வடக்குப் பார்த்த வீடு, குசினி தெற்கே. தென்கிழக்கு மூலையில் போய்ப் பார்த்தால் கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல்! கட்டடக் குத்தகைக்காரர், “ஓடு போட்டு மூடிடலாம், தெரியாது” என்றார். வரைபடக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. குழாய் அடைத்தால் திறக்க வேறு வழியில்லை, புது ஓட்டைத்தான் உடைக்க வேண்டும் என்றார். மூன்றடியைக் குறைத்து மேன்ஹோலை வெளியே விட்டோம். அடுப்பைக் கிழக்குச் சுவர் ஓரமாக வைத்தோம், அம்மா கிழக்குப் பார்த்துச் சமைக்கிறார். மாமா பாதித் திருப்தி.

கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், வெளிச் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. இந்த எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அலங்காரக் கதவு போட்டு 14 கிலோ தோம்பை உள்ளே பூட்டி வைக்கும் பெட்டி பார்க்க அழகுதான், எனக்கு அதில் விருப்பமில்லை.

மேல் கல்லுக்காக ஈப்போ வரை போனோம். ஈப்போ பளிங்குக்குப் பேர்போன இடம், கடைக்காரரும் அதைத்தான் தடவித் தடவிக் காட்டினார். பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல்லின் இனம். புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பட்டால் அரித்து மங்கிவிடும். புளி கரைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு நாளும் போகாது. குவார்ட்ஸ் நல்லதுதான், ஆனால் அதைச் சேர்த்துப் பிடிப்பது பிசின். கொதிக்கும் சட்டியை அப்படியே இறக்கினால் தழும்பு விழலாம். அம்மாவிடம் பிரிமனை வைத்து இறக்கச் சொல்ல என்னால் ஆகாது. கருப்பு கிரானைட்டோடு திரும்பினோம்.

அப்புறம் உயரம். பட்டியலில் இருந்த மேடை 90 சென்டிமீட்டர். அம்மா 150 சென்டிமீட்டர்தான், ஐந்தடிகூட இல்லை. கேபினெட்காரர் நிறுத்தி அளந்தார். கையை மடித்தால் முழங்கை தரையிலிருந்து 94. நறுக்கும் மேடை அதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோள் தூக்காது என்று கணக்குப் போட்டு 82 என்று எழுதினார். அடுப்பு மேடை இன்னும் கீழே, 74. அடுப்பின் உயரம், அதன் மேல் சட்டியின் உயரம், அதற்கு மேல்தானே கரண்டி பிடித்த கை வரும்.

அம்மிக்கு எவ்வளவு என்று அவருக்கும் தெரியவில்லை. அம்மா சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசை மேல் குழவியை வைத்துத் தள்ளிப் பார்த்தார், உயரம். பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்துப் பார்த்தார், இடுப்பு வளைந்தது. நாற்காலி மேல் இரண்டு செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டுத் தள்ளினார். “இங்க. உடம்பு கனம் குழவில எறங்குது பாரு.” கையால் மட்டும் தள்ளினால் அரைபடாது, உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டும், அதற்கு மேடை தாழ்வாக இருக்க வேண்டும். டேப்பை வைத்தால் 28 அங்குலம். கல்லின் கனம் 6 அங்குலம். ஆகவே திண்ணை 22. மரப்பெட்டி அந்தக் கனத்தைத் தாங்காது என்று செங்கல் திண்ணையாகவே கட்டி, நின்று தள்ளும்போது கால் முட்டாமலிருக்க அடியில் பாதம் நுழையுமளவு குழிவு விட்டார்கள். கழுவிவிட்ட தண்ணீர் ஓட ஓரத்தில் ஒரு வாய்க்கால்.

வெட் கிச்சனில் கீழ்ப் பெட்டி எல்லாமே சிமெண்டும் ஓடும்தான், கதவு மட்டும் அலுமினியம். மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பும் என்பதை எங்கள் பழைய சிங்க்கே சொல்லிக் கொடுத்திருந்தது. கரையானுக்கும் அங்கே வேலை இல்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். தரை ஓடு பதித்த இரண்டு நாளும் நான் வேலையில் இருந்தேன், தம்பி வெளியூரில். வந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அதில் ஒரு கறிவேப்பிலையைப் போட்டார். இலை வடிகால் பக்கம் போகவில்லை. மெல்ல மிதந்து நடுவாசலைத் தாண்டி சாப்பாட்டு மேசைக் காலில் வந்து ஒட்டிக்கொண்டது. குத்தகைக்காரர், “காஞ்சிடும் அக்கா, துடைப்பத்தால தள்ளிக்கலாம்” என்றார். கடைசித் தவணை பத்து விழுக்காடு என் கையில் இருந்தது. இல்லாவிட்டால் இன்றைக்கும் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுதான் இருப்போம். ஒரு வாரம் இழுத்து, பாதித் தரையைப் பெயர்த்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வைத்துத் திரும்பப் போட்டார். இந்த முறை ஓடு பதிக்கும் முன்பே சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கறிவேப்பிலையை நானே கிள்ளிப் போட்டேன்.

கல்லைத் தூக்கித் திண்ணையில் வைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அன்றைக்கே நெத்திலிச் சம்பலுக்கு மிளகாய் அரைத்தார் அம்மா. முக்காலி இல்லாமல், நின்றபடி. எதுவும் சொல்லவில்லை, அரைத்த மிளகாயை வழித்துவிட்டு இன்னொரு கை மிளகாயைப் போட்டார்.

போன மாதம் கேபினெட்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். லிந்தாங்கில் ஒரு வீட்டில் அம்மித் திண்ணை கேட்கிறார்களாம், நம்முடையது 22தானே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல்: “அந்தம்மா எவ்ளோ உயரம்னு மொதல்ல கேளு.”