மேக்காத்தும் கார் கவரும்

ஆனி பொறந்தாச்சு, மேக்காத்தும் கிளம்பியாச்சு. செங்கோட்டைக் கணவாய் வழியா வார காத்து தென்காசிக்குச் சாரலைக் கொடுத்துட்டு, பாளையங்கோட்டைக்கு வெறும் புழுதியைத்தான் கொண்டுவருது. இந்த நேரத்துல காருக்கு கவர் போடுத அண்ணாச்சிமார் கொஞ்சம் கேளுங்க.

வண்டியில புழுதி இருக்கும்போதே கவரை மூடாதீங்க. காத்துல கவர் படபடன்னு அடிக்க அடிக்க, இடையில மாட்டுன மணல் உப்புத்தாள் கணக்கா பெயின்ட்டைத் தேய்ச்சிரும். முதல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, காயவிட்டு மூடுங்க. வயித்துக்கு அடியில இழுத்துக் கட்டுத பட்டை இல்லாத கவர் இந்தக் காத்துக்குத் தாங்காது. எங்க தெருவுல ஒருத்தர் கவர் பறக்காம இருக்க கூரை மேல ரெண்டு செங்கல்லைத் தூக்கி வச்சிருக்காரு. அதுக்கு கவரே போடாம விட்டுரலாம்வே!

சாரல்ல நனைஞ்ச கவரை உடனே எடுத்துக் காயப் போடணும், இல்லன்னா ஈரம் உள்ளயே நின்னு பூஞ்சை பிடிக்கும். வேப்பமரத்தடியில நிறுத்துதவங்க காக்கா எச்சத்தைச் சுரண்டாதீங்க. ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேல போட்டு ஊறவச்சுத் துடைங்க. எச்சத்துல அமிலம் இருக்கு, நம்மூர் வெயில்ல காய்ஞ்சா கறை லேசுல போகாது.

அப்புறம் எலி. அதுக்கு கவர் மறைவுதான் கொடுக்கும். ரொம்ப நாள் ஓட்டாத வண்டின்னா அப்பப்போ பானெட்டைத் திறந்து வயரைப் பாருங்க.