பெர்கன்: அடுப்பு எரியாத வீடுகள்

நார்வேயின் பெர்கனில் இறங்கிய அரை மணி நேரத்தில் என் குடை உடைந்தது. துறைமுகத் திருப்பத்தில் காற்று ஒரே ஒரு முறை எதிர்த்து வீசியது. குடை மேல்நோக்கி மடங்கி, இரண்டு கம்பிகள் ஒடிந்து தொங்கின. அதைப் போடப் போன குப்பைத்தொட்டியில் ஏற்கெனவே மூன்று குடைகள் கிடந்தன. எதிரே வந்த உள்ளூர்க்காரர்கள் யார் கையிலும் குடை இல்லை. தலையை மூடிய மழைச்சட்டையோடு, மழை பெய்வதே தெரியாதவர்கள்போல நடந்துகொண்டிருந்தார்கள். நானும் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினேன். அதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஊரைச் சுற்றி ஏழு மலைகள் என்கிறார்கள். எந்த ஏழு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக்கின் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலேறி, குளிர்ந்து, இங்கேயே கொட்டிவிடுகிறது. ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கும் மேல். ஓஸ்லோவிலிருந்து ஏழு மணி நேரம் ரயிலில் வந்தபோது, 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்சே நிலையத்தில் ஜூன் மாதத்திலும் பனி கிடந்தது. அங்கேயே என் ஜோடுகளைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

நான் போனது பிரிக்கனைப் பார்க்க. பிரிக்கன் என்றால் படகுத்துறை. தண்ணீரைப் பார்த்தபடி சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, கூம்புக் கூரை போட்ட மர வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அந்த வரிசையை எல்லாரும் படத்தில் பார்த்திருப்போம். நேரில் பார்க்கும்போதுதான் அவை சாய்ந்திருப்பது தெரிகிறது. ஒன்று வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். ஜன்னல்களில் எதுவும் நேர்கோட்டில் இல்லை. முன்பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு பெரும்பாலானோர் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைய வேண்டும். காலடியில் பலகைத் தளம். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் எட்டுகிறது. தலைக்கு மேல், பாரம் தூக்கும் உருளைகள் இன்னும் தொங்குகின்றன. மழையில் நனைந்த பழைய மரத்தின் வாசம். தார் வாசமும் கலந்து வருவதாகத் தோன்றியது.

அழகுக்காக யாரும் கட்டியவை அல்ல இவை. மீன் கிடங்குகள். சுமார் 1360-லிருந்து ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே ஓர் அலுவலகமே வைத்து நடத்தினார்கள். வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலம் முடியும் தறுவாயில் காட் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். கருவாடு என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் ஒரு கல் உப்புகூடச் சேர்ப்பதில்லை. குளிர்ந்த காற்றே வேலையை முடித்துவிடும். காய்ந்தபின் தட்டினால் விறகுபோலச் சத்தம் வரும், வருடக்கணக்கில் கெடாது. அந்த மீன் பெர்கனுக்கு வந்து, தரம் பிரிக்கப்பட்டு, ஐரோப்பா முழுக்கப் போனது. பதிலுக்கு வடக்கே தானியம் போனது. அடுத்த ஆண்டு மீனுக்கு இந்த ஆண்டே தானியத்தைக் கடனாகக் கொடுத்துவிடுவார்கள். கடன் தீராத மீனவன் வேறு யாரிடம் போய் விற்பான்?

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இந்த வீடுகளில் அடுப்பு கிடையாது, விளக்கும் கிடையாது. மரமும் மீன் எண்ணெயும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும் என்ற பயம். சமையலும் குளிர்காய்வதும் பின்னால் தள்ளிக் கட்டிய பொதுக்கூடங்களில் மட்டும்தான். அவற்றில் சிலவற்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்: நீண்ட மேசைகள், சுவரோரப் பெஞ்சுகள். வேலை பழக வந்த பையன்கள் இங்கே சாப்பிட்டு, கதகதப்பை உடம்பில் வாங்கிக்கொண்டு, இருட்டில் தங்கள் வீட்டுக்குத் திரும்பி, அலமாரி போன்ற பெட்டிக் கட்டிலில் இருவர் இருவராக முடங்குவார்கள். கல்யாணத்துக்கும் தடை. இத்தனை கட்டுப்பாடும் இருந்தும் 1702-ல் ஊரே எரிந்தது. மறுபடியும் அதே பழைய அமைப்பில், அதே மரத்தில்தான் கட்டினார்கள். பிடிவாதம் என்பதா, பழக்கம் என்பதா?

1955-ல் இன்னொரு தீ. பிரிக்கனில் ஒரு பகுதி போயிற்று. எரிந்த இடத்தைத் தோண்டியதில் கிடைத்தவைதான் இன்று பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து கீறிய அறுநூறுக்கும் மேற்பட்ட குச்சிகளும் எலும்புகளும் அவற்றில் அடக்கம். சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டு, பிரார்த்தனை, காதல், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. விரல் நீளக் குச்சி ஒன்றில் இவ்வளவுதான்: 'நீ வீட்டுக்கு வர வேண்டும் என்கிறாள் கிதா.' பின்பக்கம் யாரோ பதில் கீற முயன்றிருக்கிறார்கள். அது படிக்கும்படி இல்லை. குடித்துவிட்டு எழுதியது என்று எனக்குப் பட்டது. அறிஞர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் இந்தச் சாய்ந்த வீடுகளுக்கு மரியாதை கூடிவிட்டது. அதற்கு முன், இடித்துத் தள்ளலாம் என்று சொன்னவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

1918 முதல் ஓடும் மலை ரயிலில் ஃபுளோயன் மலைக்குப் போனேன். 320 மீட்டர் உயரம், ஏறச் சில நிமிடங்கள். மேலே போனால் மேகம். ஊர் எங்கே என்றே தெரியவில்லை. டிக்கெட் காசை நினைத்துக் கால் மணி நேரம் பிடிவாதமாக நின்றேன். திடீரென்று மேகம் விலகியது. துறைமுகமும் பிரிக்கனின் கூரைகளும் அதற்கப்பால் தீவுகளும் தெரிந்தன. போனை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது. படம் இல்லை.

மறுநாள், மலைகளுக்கு நடுவே நுழையும் ஒஸ்டர்ஃபியோர்டு என்ற கடல் இடுக்கில் மூன்று மணி நேரப் படகுப் பயணம். போகப் போக இரண்டு பக்க மலைகளும் நெருங்கி வந்தன. கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்பழுப்பு வீடுகள். ஓரிடத்தில் படகை அருவிக்கு அடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். படகுப் பணியாளர் ஒரு வாளியை நீட்டிப் பிடித்து, நிரம்பியதும் எல்லாருக்கும் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். அப்போதும் மழை பெய்துகொண்டிருந்தது. என் கோப்பையில் அருவி எவ்வளவு, மழை எவ்வளவு என்று தெரியாமலே குடித்தேன். பல் கூசியது. இன்னொரு கோப்பை கேட்டேன்.