கழிவுநீரின் கணக்கைக் கடைமடையிலிருந்து போட வேண்டும்

சென்னையின் கழிவுநீர்க் கட்டமைப்பு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எப்படி அமைய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், இன்னும் எத்தனை எம்.எல்.டி. திறனில் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம் என்ற கேள்வியிலேயே விவாதம் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். ஆனால் பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் சேர்கிறதா என்று பார்த்துத்தான் தலைமடையைத் திறக்க வேண்டும். அதுபோல, சுத்திகரித்த நீர் யாருக்குப் போய்ச் சேரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், நிலையத்தின் இடம், நீரின் தரம், ஆகும் செலவு ஆகிய மூன்றும் அதிலிருந்தே தெளிந்துவிடும் என்பது என் கருத்து.

1978இல் தொடங்கப்பட்ட குடிநீர் வழங்கல், கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு, 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது ஒரே வீச்சில் பெருகியது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களின் மொத்தத் திறன் இன்று 700 எம்.எல்.டி.யைத் தாண்டிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளிலோ பாதாள சாக்கடை மெல்ல மெல்லத்தான் வந்துகொண்டிருக்கிறது. அது வராத தெருக்களில் செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும்தான் கதி. குழாய் வந்து சேராத நிலையத்தின் திறன் ஏட்டில்தான் இருக்கும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 45 எம்.எல்.டி. நீர் தரும் மூன்றாம் நிலை ஆர்.ஓ. நிலையங்கள், அதாவது ஏற்கெனவே சுத்திகரித்த நீரை நுண்சவ்வின் வழியே அழுத்தித் தள்ளி உப்பையும் பிரித்தெடுக்கும் நிலையங்கள், செயல்பாட்டுக்கு வந்தன. ஒரு நிலையத்தின் ஒரு நாள் நீர் பதினெட்டு ரயில்களுக்குச் சமம். இதற்கு முன்னோடியும் உண்டு. மணலியின் பெட்ரோலிய ஆலை 1990களின் தொடக்கத்திலிருந்தே நகரின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துத் தன் தேவைக்குப் பயன்படுத்திவருகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்க, நகரக் கழிவுநீரில் அது ஒன்றிரண்டு கிராமைத் தாண்டுவது அரிது. ஆகவே சவ்வின் வழியே நீரைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தமும் மின்சாரமும் வெகுவாகக் குறைகின்றன. கடலோரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு மேல் ஆலை கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

இருந்தாலும் இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. கொடுங்கையூருக்கு மணலி பக்கத்து வீடு. கோயம்பேட்டு நீரோ இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் வரை குழாயில் போக வேண்டும், அந்தத் தூரத்துக்கான பம்பிங் செலவு குழாய் இருக்கும்வரை தொடரும். அடுத்து, ஆர்.ஓ.வுக்குள் போகும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உப்பு செறிந்த கழிவாக வெளியேறுகிறது. அது எங்கே போகும் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஆலைகளை விட்டால் அடுத்த வாடிக்கையாளர் ஏரிகள். நெசப்பாக்கத்து நீரை மேலும் சுத்திகரித்துப் போரூர் ஏரியில் விடும் 10 எம்.எல்.டி. திட்டம் இந்த எண்ணத்தில் வகுக்கப்பட்டதுதான். சாக்கடைத் தண்ணீரையா குடிப்பது என்று முகம் சுளிப்பவர்கள், ஆற்றின் மேற்பகுதி ஊர்களின் கழிவு கலந்த நீரைத்தான் கீழ்ப்பகுதி ஊர்கள் காலங்காலமாகக் குடித்துவருகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம். உண்மையான இடர்ப்பாடு நைட்ரஜனும் பாஸ்பரசும்தான். பழைய நிலையங்கள் அழுக்கின் ஆக்சிஜன் தேவையை, அதாவது பி.ஓ.டி.யைக் குறைப்பதற்கென வடிவமைக்கப்பட்டவை. இந்த இரு சத்துகளும் எஞ்சி நின்றால் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை படர்ந்துவிடும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. வரம்பை லிட்டருக்கு 10 மில்லிகிராமாக இறுக்கியதோடு இவ்விரண்டுக்கும் வரம்பு விதித்தது. பெருங்குடி நிலையத்தை அடுத்திருக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 முதல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்பதால், அங்கே தரத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

தரம் என்பது நாள்தோறும் காக்க வேண்டியது. எங்கள் குடியிருப்பின் சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் (எஸ்.டி.பி.) ஆபரேட்டர் தம்பி காலையில் செய்யும் முதல் வேலை, காற்றூட்டத் தொட்டியிலிருந்து பழுப்பு நிற நீரை ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பது. கசடு கீழே 300 மில்லிலிட்டர் அளவில் படிந்து, மேலே நீர் தெளிந்து நின்றால் அவர் முகமும் தெளியும். கசடு படியாமல் உப்பி மிதந்தால் அன்று முழுக்க ஓட்டம்தான். மழையில் மொட்டைமாடித் தண்ணீர் சாக்கடையில் கலந்துவிட்டால் கசடாகத் தெரியும், அழுக்கைத் தின்னும் இந்த நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்படும் என்பதை அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது. பெரிய நிலையங்களிலும் இதே உயிர்களை நம்பித்தான் வேலை நடக்கிறது. மின்செலவில் பெரும்பங்கு இவற்றுக்குக் காற்றூட்டவே போகிறது. கசட்டிலிருந்து கிடைக்கும் எரிவாயுவில் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கின்றன.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி, ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தபோது, பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை முன்கூட்டியே வசூலித்துத் திட்டத்தை நிறைவேற்றியது. தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, மாதக் கட்டணம் எவ்வளவு வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னதால்தான் மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். கட்டுவதற்கு மானியம் கிடைத்துவிடும். ஓட்டுவதற்கு மாதாமாதம் வரும் வருமானத்தைத்தான் நம்ப முடியும். ஆகவே சுத்திகரித்த நீரை ஆலைகளுக்கு விற்கும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே ஆர்.ஓ. நிலையத்தின் டெண்டரை விட வேண்டும்.

திட்ட வரைபடங்களில் அதிகம் விடுபடுவது மேன்ஹோலுக்குள் இறங்கும் மனிதர். பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரை அப்படி இறக்குவது சட்டப்படி 2013இலேயே தடை செய்யப்பட்டது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2014இல் 10 லட்சம் என்று விதித்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் அடைப்பு எங்கே விழும் என்பது குழாயின் சரிவை வரையும் மேசையிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. சென்னை போன்ற தட்டையான ஊரில் சரிவு கிடைப்பதே கடினம். நீர் விநாடிக்கு அறுபது சென்டிமீட்டராவது ஓடாவிட்டால் மணலும் கொழுப்பும் அடியில் தங்கி இறுகும். அதனால் பம்பிங் ஸ்டேஷன்களைச் சற்றே நெருக்கமாக அமைப்பதற்கும், நீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்டிங் லாரி நுழைய முடியாத சந்துகளுக்கென்று சிறிய இயந்திரங்கள் வாங்குவதற்கும் ஆகும் தொகையைப் பராமரிப்பில் சேர்த்துத் தள்ளிப்போடாமல், குழாய் பதிக்கும் அதே மதிப்பீட்டில் எழுத வேண்டும்.